கியர் ஆயிலில் தேயிலை நார்

என் தம்பி எனக்குக் கொடுத்த லாரி சத்தமே போடாது. முதல் இரண்டு மாதம் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அதைத்தான்.

அதே வண்டி அவனிடம் இருந்த பதினோரு வருடமும் மேடு ஏறும்போது ஊளையிடும். மூன்றாவது கியரில் அது போடும் சத்தம் அடுத்த மேட்டுத் தோட்டம் வரை கேட்கும். இலை கொடுக்கிறவர்களுக்கு அதுதான் மணி. ஊளை கேட்டதும் கொழுந்துப் பையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இலை ஷெட்டுக்கு இறங்குவார்கள், சரியாக வண்டியும் வந்து நிற்கும். எங்கள் கைக்கு வந்த பிறகு வண்டி பூனைபோல வந்து நின்றது, ஷெட்டில் ஒரு ஆளும் இருக்காது. ஹாரன் அடித்து ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. நாற்பது செண்டு தோட்டம் வைத்திருக்கும் படுகர் வீட்டு அம்மா ஒருவர், மூச்சு வாங்க ஓடிவந்து, “ஏனம்மா, வண்டிய மட்டும் வாங்கிட்டு சத்தத்த உன் தம்பிகிட்டயே உட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. “தம்பி புது ஆயில் ஊத்திக் குடுத்திருக்கானுங்க” என்றேன்.

நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். காய்ந்து வந்த தூளைச் சலித்து, தரம் பிரித்து, அதிலிருக்கும் நாரை எடுப்பது என் வேலை. ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்கு இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலை ஆரம்பித்தோம். முதலில் வாடகை வண்டி. என் தம்பிக்கும் இதே தொழில்தான், நான் வேலை பார்த்த அதே ஃபேக்டரிக்கு. அந்தக் காண்ட்ராக்டை அவனுக்கு வாங்கித் தந்ததும் நான்தான், மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் நின்று. அவன் புது வண்டி எடுத்தபோது, “பழசை வெளியாளுக்கு எதுக்குக்கா குடுக்கறது, அதே வெலைக்கு நீயே எடுத்துக்க” என்றான்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மேட்டுப்பாளையத்துல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கறாரு. ஒருவாட்டி கீழ கொண்டுபோயி கியர் பாக்ஸக் காட்டிட்டு எடுத்துக்கலாம் புள்ள.”

எனக்கு வந்ததே கோபம். “என்ற தம்பி ஓட்டுன வண்டிய ஊரான் சோதிச்சுப் பாத்துத்தான் எடுக்கோணுமா? அவன் என்ன உங்ககிட்ட திருட்டு வண்டியா தள்ளி உடறான்? நான் சொல்றனுங்க, எடுங்க!” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வரும். அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மழை பிடித்துக் குளிர் ஏறியபோது முதல் குறை தெரிந்தது. காலையில் வண்டியை எடுத்தால் கியர் விழாது. அவர் கிளட்சை இரண்டு முறை மிதித்து, கியர்க் கம்பியைக் கையாலும் தோளாலும் தள்ளிப் போட வேண்டியிருந்தது. அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். தம்பிக்குப் போன் போட்டேன். “குளிருக்கு எல்லா வண்டியும் அப்படித்தான்க்கா. ஆயில் புதுசு, திக்கா இருக்கும். ஓட ஓட எளகிரும்” என்றான். அதில் பாதி உண்மை. குளிரில் கியர் ஆயில் கெட்டியாவது மலையில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பாதி உண்மையோடு வரும் பொய்யை நான் அதுவரை சந்தித்ததில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அவனிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இலை ஏற்றும் ஆள் ஒரு நாள் வரவில்லை. கையுதவிக்கு நான் வண்டியில் ஏறினேன். கோத்தகிரி ரோட்டிலிருந்து பிரிந்து இறங்கும் சின்னப் பாதை அது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தேயிலை, தேயிலைக்கு அப்புறம் ஒன்றுமில்லை. பின்னால் முழு லோடு. மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பி யாரும் இறங்குவதில்லை. சின்ன கியரில் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் தொடுவதற்கு மட்டும்தான். அவர் இரண்டாவது கியரில் இறக்கிக்கொண்டிருந்தார்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் டக்கென்று ஒரு சத்தம். கியர்க் கம்பி தானாக நடுவுக்கு வந்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடிப்பு விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார், ஒரு கையால் கியரைத் திரும்பப் போடப் பார்த்தார், அது விழவில்லை, பல் கடிக்கிற சத்தம்தான் வந்தது. “கதவப் புடிச்சுக்க புள்ள” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. வண்டியை மேட்டுப் பக்கம் ஒடித்து மண்ணோடு உரசவிட்டார். இடது பக்கம் முழுக்க மண்ணும் வேரும் கிழித்துக்கொண்டு போக, வளைவுக்கு நாலு முழம் முன்னால் நின்றது. கண்ணாடி உடைந்து என் மடியில் கிடந்தது. இலை மூட்டைகள் எல்லாம் கேபின் முதுகில் வந்து மோதிக் கிடந்தன.

அவர் கீழே இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பீடி பற்றவைக்க மூன்று குச்சி வீணானது.

பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் வந்து வண்டியை மெல்லக் கட்டி இழுத்துப் போனார். நாற்பது வயது இருக்கும், எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத மனிதர். “என்ஜின கொஞ்ச நேரம் ஓட உட்டு, சூட்டோட ஆயிலை எறக்கிப் பாக்கலாமுங்க்கா. ஆறிப்போனா உள்ள இருக்கறது உள்ளயே தங்கிரும்” என்றார். கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசினை வைத்து, அடி நட்டைக் கழற்றினார்.

நல்ல கியர் ஆயில் தேன் மாதிரி ஒழுகும். பழசாக இருந்தாலும் கறுப்பாக, ஆனால் அறுபடாமல் இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. கொஞ்சம் ஒழுகியது, நின்றது, பிறகு கட்டியாக ஒரு பிண்டம் தொப்பென்று விழுந்தது. மறுபடி கொஞ்சம் ஒழுகியது. மெக்கானிக் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தபோது கேழ்வரகுக் களி போல ஒரு உருண்டை வந்தது.

“பைக்காரா ஆத்துப் பக்கம் எங்கியாச்சும் தண்ணிக்குள்ள எறக்குனீங்களா?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இல்லை என்றார் அவர். தண்ணீர் சேர்ந்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிடுமாம். இதில் அந்த வெளுப்பு இல்லை. சந்தேகம் வேண்டாம் என்று ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தீயில் காட்டினார். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். வெடிக்கவில்லை, புகைந்தது மட்டும்தான். அடி நட்டின் முனையில் இரும்புத் துகளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தைத் துடைத்தார். கறுப்புப் பசை, அதற்குள் ஊசி முனை போல இரும்புச் சில்லுகள். பசை மட்டும் இருந்தால் வயசு, சில்லு இருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம் என்றார். பிறகு அந்தக் களியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“மரத்தூள் போட்டிருக்கறாங்கக்கா. பேரிங் தேஞ்சு சத்தம் போடற வண்டிய விக்கறப்ப புரோக்கருங்க பண்ற வேலை. தூளு ஆயிலக் குடிச்சு கெட்டியாயி பல்லுக்கு நடுவுல மெத்தை மாதிரி உக்காந்துக்கும். சத்தம் வராது. ஆனா ஆயில் பேரிங்குக்குப் போகாது. உள்ள இருக்கற கொஞ்சநஞ்சமும் போயிரும்.”

“இது புரோக்கர் கிட்ட வாங்குன வண்டி இல்லீங்க. என்ற தம்பி வண்டி” என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் பேசினைப் பார்த்தார். இரண்டு பேரும் எனக்காகப் பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

மரத்தூள் இல்லை என்று நிரூபிக்கத்தான் நான் அதில் கை வைத்தேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய துணி நைந்து விழுந்திருக்கும், மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் கரைந்திருக்கும், அவனுக்கு முன்னால் வைத்திருந்தவன் எவனாவது செய்திருப்பான், ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டி அவர்கள் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு கைப்பிடியைத் துணியில் கட்டி டீசலில் அலசினேன். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீரில். துணியைப் பிரித்துச் செய்தித்தாளில் கொட்டிப் பரப்பினேன்.

என் விரலுக்கு முதலில் தெரிந்துவிட்டது, கண்ணுக்கு அப்புறம்தான். மரத்தூள் உருண்டையாக, உதிரியாக இருக்கும். இது தட்டையாக, நீளமாக, ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் வெளுத்துக் கிடந்தது. பத்தொன்பது வருடம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் தூளிலிருந்து பிரித்த அதே தேயிலை நார்.

அப்படியும் நான் விடவில்லை. கண் தப்பலாம். ஒர்க்‌ஷாப்பில் டீ போடும் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணாடி கிளாஸில் அந்த நாரைப் போட்டு வெந்நீரை ஊற்றினேன். மெக்கானிக், “ஏனுங்க்கா, என்ன பண்றீங்க?” என்று பதறினார். நான் குடித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. மூவரும் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடியிலிருந்து சிவப்பு மெல்லக் கிளம்பியது. மரத்துக்கு இந்தச் சாயம் வராது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு கறுத்து மைபோல ஆனது. இரும்பு பட்டால் டீ கறுக்கும் என்பது ஃபேக்டரியில் துடைப்பம் பிடிக்கிறவருக்கும் தெரியும். நாரில் ஒட்டியிருந்த கியர்ப் பல்லின் பொடி அது.

ஃபேக்டரியிலிருந்து நார் மூட்டையைக் கழிவாக வெளியே ஏற்றிப்போவது என் தம்பியின் வண்டிதான். இலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நாரை ஏற்றிக்கொண்டு போய் உரக்குழியில் கொட்டுவான். அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடி நார் கேட்டைத் தாண்டாது. புரோக்கர்கள் மரக்கடைக்குப் போய்த் தூள் வாங்குகிறார்கள். இவனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, கைக்கெட்டியதை அள்ளிப் போட்டிருக்கிறான். மரத்தூளைப் போட்டிருந்தால் நான் இன்றைக்கும் அவனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அக்கா எந்த வேலை பார்த்தவள் என்றுகூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்பது எனக்கு மிகவும் வலித்தது.

அந்தக் கிளாஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை பார்த்தேன். மறுநாள் போன் போட்டால் எடுக்கவில்லை. கியர் பாக்ஸைத் திறந்து பார்த்த மெக்கானிக், இரண்டு பேரிங் போய்விட்டது, இரண்டாவது கியரின் பல் முனை மழுங்கிவிட்டது, அதனால்தான் இறக்கத்தில் கழன்று வந்திருக்கிறது, இது நேற்று இன்றைக்கு வந்த தேய்மானம் இல்லை என்றார். அதைக் கேட்டுவிட்டு நேராக அருவங்காட்டுக்குப் பஸ் ஏறினோம். தம்பி வீடு அங்கேதான்.

அவன் மனைவி கதவைத் திறந்து, முகம் மலர, “வாங்கண்ணி, வாங்கண்ணா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. டீ போட உள்ளே போனாள். தம்பி வெளியே வந்து என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயது ஆள், சின்ன வயதில் சிலேட்டை உடைத்துவிட்டு நிற்பானே, அப்படியேதான் நின்றான். அம்மா தோட்டத்து வேலைக்குப் போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அந்த நிற்பு எனக்குத் தெரியாதா?

“போட்டியா?” என்றேன்.

“ரெண்டு கைப்பிடிதான்க்கா போட்டேன்.”

பொய் சொல்லுவான், மறுப்பான், நான் படத்தைக் காட்டிக் கத்தலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் ஒத்துக்கொண்டதும் எனக்குக் கத்த வாய் வரவில்லை.

“பேரிங் போனது தெரியுமா?”

“தெரியும். புது வண்டி எடுத்ததுல கை கடிச்சிருச்சு. உள்ளபடி சொன்னா நீ எடுக்க மாட்டே. ஒரு வருசம் எப்படியும் ஓடும்னு நெனச்சேன். அப்பறமா நானே வந்து சொல்லி, நானே பிரிச்சு சரி பண்ணிக் குடுத்தர்லாம்னு... எல்லாரும் பண்றதுதான்க்கா.”

“எல்லாருக்கும் நான் அக்காவாடா?”

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு இல்லை, அவனுக்கு அழுகை அவ்வளவு சுலபமாக வராது. என் கையைப் பிடித்துக்கொண்டான். “சத்தியமாச் சொல்றேன்க்கா, நீ அந்த வண்டில ஏறுவேன்னு நான் நெனைக்கவே இல்ல. மாமா மட்டும்தான் ஓட்டுவாருன்னு இருந்தேன். நீ உள்ள இருந்தேன்னு ஃபேக்டரில சொல்லிக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா.”

இதைப் பாசமாக நினைத்துத்தான் அவன் சொன்னான். இன்று வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான். கியர் கழன்று வண்டி ஓடக்கூடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று யோசித்துப் பார்த்திருக்கிறான். யோசித்து, ஒரு ஆளைக் கழித்துவிட்டு, மீதி இருக்கிற ஆளிடம் சாவியைக் கொடுத்திருக்கிறான். அந்த மீதி ஆள் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப அவரு?” என்று கேட்டேன்.

தம்பி என் கையை விட்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கி, நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸைத் தட்டில் வைத்தார். அவளிடம், “வர்றம்மா” என்றார். தம்பியின் தோளை ஒருதரம் தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தார். அவர் அவன் மீது எச்சில் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் கண்ணாடி மூடாமல் சாரல் அடித்தது. அவர் துண்டை எடுத்து இடுக்கில் செருகினார். வண்டி, இலை, நாளைக்கு யாரிடம் வாடகைக்குக் கேட்பது என்று ஏதேதோ பேசினார். நான் ஒன்றும் காதில் வாங்கவில்லை. இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். கடைசியில் அடக்கமாட்டாமல் அவர் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்க, என்ன மன்னிச்சிருங்க. பாழாப்போனவன், உங்களையும் அவன நம்ப வெச்சு இப்படிப் பண்ணிட்டானே” என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளிகூட இல்லை. நான் ஏதோ அடிப்படைக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதைப் போலத்தான் பார்த்தார்.

“அவன நான் எப்ப புள்ள நம்புனேன்?” என்றார். “கையில எடுத்த அன்னிக்கே கியரு சரியில்லைன்னு தெரிஞ்சுது. நீ அத்தன அடிச்சுச் சொன்னயே, உன்ன நம்பித்தான் எடுத்தேன்.”

சொல்லிவிட்டு ஜன்னல் துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார், என் பக்கம் ஈரம் படாமல். எங்கள் ஸ்டாப் வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.